சிவந்ததெல்லாம் செம்பா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புவோரை நம் பெரியோர் வெள்ளை மனத்தர் என்பர். சிவந்த காசெல்லாம் செம்புக் காசு என்று நம்புவதும் அத்தகையதே. முலாம் பூசிய காசையும் நாணயச்சாலையிலேயே மாறிப் பிறந்த காசையும் எவ்வாறு பிரித்தறிவது? இதற்கு அமெரிக்க நாட்டின் ஒரு சென்ட் நாணயம் நல்ல சான்றாகும்.

போர் தந்த காசு

இரண்டாம் உலகப் போரின்போது போர்க் கருவிகளுக்குச் செம்பு மிகுதியாகத் தேவைப்பட்டது. ஆகவே 1943ஆம் ஆண்டில் அமெரிக்க நாணயச்சாலைகள் வெண்கலத்தை விடுத்து, துத்தநாகம் பூசிய எஃகில் சென்ட் நாணயங்களை அச்சிட்டன. அவை ஏறத்தாழ 109 கோடி. ஆனால், எஞ்சிக் கிடந்த வெண்கல வில்லைகள் சில எஃகு வில்லைகளோடு கலந்து எந்திரத்துள் புகுந்து, 1943 என்னும் ஆண்டைத் தாங்கி வெளிவந்துவிட்டன. இதுவரை அறியப்பட்டவை சுமார் இருபதே.

அவற்றுள் ஒன்று 1947இல், மாசசூசெட்ஸ் மாநிலப் பிட்ஸ்ஃபீல்ட் நகரில், பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் பதினாறு வயது மாணவர் ஒருவருக்குச் சில்லறையாக வந்தது. அரசின் கருவூலத் துறைக்கு எழுதிக் கேட்டார். அவ்வாண்டுச் சென்ட்டுகள் யாவும் எஃகே என்று பதில் வந்தது. ஆயினும் அவர் அக்காசை வாழ்நாள் முழுதும் காத்து வந்தார். அவர் மறைந்த பின், 2019இல் அது 2,04,000 டாலருக்கு ஏலம் போயிற்று.

போலி பிறக்கும் விதம்

மயில்துத்தக் கரைசலில் இரும்பு ஆணியை இட்டால் அதன்மேல் செம்பு படிவதை ஆய்வகத்தில் கண்டிருக்கிறோம். மின்முலாம் பூசினால் படிவு இன்னும் உறுதியாக அமையும். எனவே எஃகுச் சென்ட்டைச் செந்நிறமாக்குவது எளிது. இத்தகைய காசுகளை அரியவை என்று நம்பிப் பணத்தை இழந்தோர் உண்டு.

மூன்று சோதனைகள்

முதலாவது, காந்தம். முலாம் தோலை மட்டுமே மாற்றும். உள்ளிருக்கும் எஃகு காந்தத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் அது வெண்கலம் அன்று.

இரண்டாவது, எடை. எஃகுச் சென்ட் சுமார் 2.7 கிராம், வெண்கலச் சென்ட் 3.11 கிராம். பருமன் ஏறத்தாழ ஒன்றே, அடர்த்தி வேறு. மெல்லிய முலாம் இவ்வேறுபாட்டை ஈடு செய்யாது.

மூன்றாவது, எழுத்து. காந்தத்தில் ஒட்டாததாலேயே காசு உண்மையாகிவிடாது. 1948ஆம் ஆண்டு வெண்கலக் காசின் 8ஐச் சுரண்டி 3 ஆக்குவோர் உளர். அதன் எடையும் சரியாகவே இருக்கும். ஆனால் உண்மையான 1943இல் 3இன் வால் மற்ற இலக்கங்களுக்குக் கீழே நீண்டு இறங்கும். 8ஐ வெட்டிய 3இல் அந்த வால் இராது. உருப்பெருக்கியால் நோக்குக.

வெண்மையும் ஏமாற்றும்

இதன் மறுபுறமும் உண்டு. செம்புக் காசைத் துத்தநாகத் தூளுடன் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் சூடாக்கினால் வெள்ளி போலாகும். பின்பு அனலில் காட்டினால் பித்தளையாகிப் பொன்போல் ஒளிரும். இது பள்ளிகளில் செய்து காட்டப்படும் சோதனை. இக்காசு பிறர் கைக்குப் போனால், பத்து சென்ட் வில்லையில் தவறி அச்சான சென்ட் என்று எண்ணப்படலாம். ஆனால் 1965 முதல் வந்த பத்து சென்ட் வில்லையின் எடை 2.27 கிராமே, குறுக்களவும் சென்ட்டைவிடச் சிறியது. ஆகவே உண்மையாகத் தவறி அச்சானதில் ஓரத்து எழுத்துகள் முழுமையாக அமைவதில்லை. முலாம் பூசியதிலோ உருவம் முழுதாக இருக்கும். தேய்ந்த காசின் தேய்மானத்தின் மேலும் புதுப் பளபளப்பு இருந்தால், அந்நிறம் பின்னால் வந்தது என்பது தெளிவு.

எச்சரிக்கை ஒன்று: ஐயம் தீர்க்க அரத்தால் அராவுவதோ அமிலத்தில் இடுவதோ கூடாது. உண்மைக் காசாயின் அதன் மதிப்பு அன்றே கெடும்.

முடிவுரை

1943இல் வெண்கலச் சென்ட்டே இல்லை என்று சொன்னவர்களும் தவறினர். சிவந்ததெல்லாம் வெண்கலம் என்று வாங்கியவர்களும் தவறினர். தராசும் காந்தமும் உருப்பெருக்கியும் சேர்ந்து சொல்வதைக் கேட்ட பின்னரே முடிவு கூறுதல் வேண்டும். அறிவியல் மாணவர்க்கு அதுவே அழகு.