விசுவாசமும் கிரியையும்

சுவிசேஷக் கிறிஸ்தவர் எனப்படும் சபையார் பல பிரிவினராயினும், அவர்க்குப் பொதுவாயுள்ள கோட்பாடுகள் சில உண்டு. வேத புத்தகமே சத்தியத்திற்கு அளவுகோல். கிறிஸ்துவின் சிலுவைப் பலியே பாவநிவாரணம். மனிதன் மனந்திரும்பி மறுபிறப்பு அடைதல் வேண்டும். அடைந்தவன் பிறர்க்காக உழைத்தல் வேண்டும். பெபிங்டன் என்னும் ஆங்கில வரலாற்றாசிரியர் 1989ஆம் ஆண்டில் இந்நான்கினையுமே அவர்தம் அடையாளங்களாக வகுத்தார். இந்நான்கிற்கும் ஆணிவேராய் நிற்பது ஒன்று: மனிதன் தேவனுக்கு முன்பாக நீதிமானாவது தன் கிரியையினால் அன்று, விசுவாசத்தினாலேயே என்பது. நம் நாட்டில் மிகவும் பிழைபட உணரப்பட்டதும் இதுவே ஆகலின், இதனையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

கோயமுத்தூரில் ஆடிஸ் என்பார் 1830ஆம் ஆண்டில் இலண்டன் மிஷன் ஊழியத்தைத் தொடங்கிய காலத்தும், கொங்குநாட்டார்க்கு அறம் புதிய செய்தியன்று. கோடையில் தண்ணீர்ப்பந்தல் வைத்தலும், குளம் வெட்டுதலும், அன்னமிடுதலும் புண்ணியம் என்று அவர் தலைமுறை தலைமுறையாய் அறிவர். அவரிடம் சென்று, 'நற்கிரியையினால் இரட்சிப்பு இல்லை' என்றால், 'அங்ஙனமாயின் நன்மை செய்வான் ஏன்?' என்று கேட்பது இயல்பேயன்றோ? இக்கேள்வி கொங்குநாட்டார்க்கு மட்டும் உரியதன்று. கிருபை பெருகும்படி பாவத்திலே நிலைநிற்கலாமோ என்று ரோமருக்கு எழுதிய நிருபத்தின் ஆறாம் அதிகாரத்தில் பவுல் தாமே எழுப்பி மறுக்கின்றார். யாக்கோபோ கிரியையில்லாத விசுவாசம் செத்தது என்கின்றார். இவ்விரண்டையும் இசைக்க மாட்டாமையால் லூத்தர் 1522ஆம் ஆண்டில் யாக்கோபின் நிருபத்தை வைக்கோல் என இகழ்ந்தார். அப்பெரியாரும் அவ்விடத்து அவசரப்பட்டார் என்பதே நம் கருத்து. பவுல் மறுப்பது கிரியையை அன்று, கிரியையை விலையாக நீட்டுதலை. யாக்கோபு மறுப்பதும் விசுவாசத்தை அன்று, வாயளவில் நிற்கும் விசுவாசத்தை. மாமரம் காய்ப்பதனால் மாமரம் ஆவதில்லை. மாமரம் ஆதலினாலேயே காய்க்கின்றது. லூத்தரைப் பின்பற்றினோர் 1530ஆம் ஆண்டில் வெளியிட்ட அவுக்ஸ்புர்க்கு அறிக்கையும், விசுவாசம் நற்கனி தருதல் வேண்டும், ஆயினும் அக்கனியை நம்பி நீதிமான் எனச் செருக்குறல் ஆகாது என்னும் பொருள்படவே கூறுகின்றது.

இவ்வேறுபாடு தமிழ் மனத்திற்கு அயலானது அன்று. இம்மையில் கொடுத்தது மறுமைக்கு உதவும் என்று கணக்கிட்டு அறத்தை விலைபேசும் வணிகன் அல்லன் ஆய் வள்ளல் என்று, உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் புறநானூற்றில் புகழ்ந்தார். கிருபையின் உபதேசத்தை அப்புலவர் பாடினார் என்று நாம் சொல்லவில்லை. கைம்மாறு கருதிய கொடை கொடையாகாது என்பதனை அவர் கண்டார். கைம்மாறு கருதாத உள்ளம் எங்ஙனம் பிறக்கும் என்பதற்குச் சுவிசேஷம் விடை கூறுகின்றது. வேண்டுவதெல்லாம் முன்னரே இலவசமாய்ப் பெற்றவன், மேலும் ஒன்றினைச் சம்பாதிக்கும்படி கொடுக்கவேண்டுவதில்லை.

ஆயோடு ஒருங்கெண்ணப்படும் வள்ளலாகிய ஓரி ஆண்ட கொல்லிமலை, இன்று நாமக்கல் மாவட்டத்தில் உள்ளது. ஜெஸ்ஸி பிராண்ட், எவெலின் பிராண்ட் என்னும் ஆங்கிலேயர் இருவரும் 1913ஆம் ஆண்டில் மணம்புரிந்து அம்மலையில் குடியேறினர். அவர் சார்ந்தது ஸ்டிரிக்ட் பாப்திஸ்து மிஷன். இரட்சிப்பு முதல் முடிய தேவனுடைய செயலே, மனித முயற்சிக்கு அதில் பங்கில்லை என்று மிகக் கண்டிப்பாய்ப் போதிப்போர் அவர். இத்தகையோர் கைகட்டி இருப்பர் என்றே எவரும் எண்ணுவர். அவர்களோ மலைக்காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தனர், நரம்புச் சிலந்திப் புழுவை நோயாளர் காலினின்று இழுத்தெடுத்தனர், பள்ளி நடத்தினர், தச்சும் நெசவும் கற்பித்தனர்.

ஏறக்குறைய ஏழாண்டுகள் அம்மலையில் ஒருவரும் ஞானஸ்நானம் பெறவில்லை என்று அவர்கள் சரித்திரம் எழுதியோர் கூறுவர். மருந்து தூண்டில் என்றும், மாத்திரை மதமாற்றத்தின் விலை என்றும் மிஷன் வைத்தியத்தின்மேல் சொல்லப்படும் குற்றச்சாட்டு அற்பமானதன்று. சிற்சில இடங்களில் அது உண்மையாயும் இருத்தல் கூடும். ஆனால் இலாபம் காணாத வணிகன் ஏழாண்டுகள் கடை திறந்து வைப்பதில்லை. பிறன் ஆத்துமாவை மருந்து கொடுத்து வாங்கலாம் என்பவன், தன் ஆத்துமாவைப் புண்ணியம் கொடுத்து வாங்கலாம் என்பவனோடு ஒரே பிழையைச் செய்கின்றான். இரட்சிப்பு விற்பனைக்கு உரியதன்று என்னும் உபதேசம் மிஷனெரிமாரையும் கட்டுப்படுத்துகின்றது என்பதனை நாம் மறத்தலாகாது.

முதலாம் உலகப்போரின் முடிவையொட்டி இன்புளுயன்சா காய்ச்சல் பரவியபோது, அவர்களை எதிர்த்துவந்த பூசாரி ஒருவர் நோய்வாய்ப்பட்டார். அண்டை அயலார் அஞ்சி விலகினர். பிராண்ட் தம்பதிகள் சென்று பணிவிடை செய்தனர். சாகுந்தறுவாயில் அவர் தம் மக்களை அவர்கள் கையிலேயே ஒப்படைத்தார். மலையில் சபை தோன்றியது அதன் பின்னரே.

ஜெஸ்ஸி பிராண்ட் 1929ஆம் ஆண்டில் கருநீர்ச் சுரத்தால் நாற்பத்துநான்காம் வயதில் இறந்தார். அவர்தம் மகன் பால் பிராண்ட், பின்னர் வேலூரில் குஷ்டரோகிகளின் மடங்கிய விரல்களை நிமிர்த்திய அறுவை வைத்தியராய் உலகறிய விளங்கினார். எவெலின் அம்மையாரோ, வயது முதிர்ந்தமை கருதி மிஷனார் ஓய்வளித்தபின், ஏறக்குறைய எழுபதாம் வயதில் தாமாகவே மலைக்குத் திரும்பினார். கொல்லிமலையோடு அமையாது அடுத்த மலைகளுக்கும் குதிரைமேல் சென்று மருந்து கொடுத்தார். 1974ஆம் ஆண்டில் காலமான அவர் உடல், வாழவந்தியில் கணவர் கல்லறைக்கு அருகில் அடக்கம் செய்யப்பட்டது.