தேவசித்தம் எது என்று கேட்கும் பிள்ளைகளுக்கு

இந்த வருஷம் திடப்படுத்தல் எடுத்த பிள்ளைகளில் பாதிப் பேர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "அய்யா, இதுல தேவசித்தம் எதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?" காலேஜுக்குப் போவதா, பட்டாசு ஆபீஸுக்குப் போவதா, திருப்பூருக்கு பஸ் ஏறுவதா, எல்லாவற்றுக்கும் இதே கேள்விதான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

1. ஆண்டவர் ஏற்கெனவே சொல்லி முடித்ததை மறுபடி ஜெபத்தில் வைக்காதீர்கள். உபாகமம் 22-ம் அதிகாரத்தில் ஒரு கட்டளை இருக்கிறது. புது வீடு கட்டுகிறவன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும். எழுப்பாமல் விட்டு, ஒருவன் விழுந்தால் பழி வீட்டுக்காரனுக்கு. நம்ம ஊருக்கென்றே எழுதினது மாதிரி இல்லையா? பட்டாசு ஆபீஸில் மருந்து அடைக்கும் அறையில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. உள்ளே நுழையும்போது செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் இருக்கும் மின்சாரத்தை இறக்கிவிட வேண்டும். நைலான், பாலியெஸ்டர் துணி ஆகாது. இடி இடித்தால் வேலையைப் போட்டுவிட்டு வெளியே வர வேண்டும். கலந்த மருந்தை மறுநாளைக்கு மிச்சம் வைக்கக் கூடாது. தீபாவளி ஆர்டர் நெருக்குகிறது, அஞ்சாவது ஆளாக உட்கார் என்று போர்மேன் சொன்னால், "ஜெபம் பண்ணிட்டுச் சொல்றேன்" என்று பதில் சொல்லாதீர்கள். எழுந்து வெளியே வாருங்கள்.

2. "கர்த்தர் பாத்துக்குவாரு" என்று சொல்லி விதியை மீறுகிறவரிடம் ஜாக்கிரதையாக இருங்கள், அவர் சபையில் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும். நம் வீட்டுச் சுவர்களில் தொங்குகிற 91-ம் சங்கீதத்தைத்தான் தேவாலயத்து உச்சியில் நின்று பிசாசும் எடுத்துச் சொன்னான், குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று. இயேசு குதிக்கவில்லை.

3. இதை ஒட்டி இன்னொன்று. 2021 பிப்ரவரி 12-ம் தேதி, நம் பக்கத்து அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்து 20 பேருக்கு மேல் செத்தார்கள். துக்க வீட்டில் "தேவசித்தம், என்ன பண்றது" என்ற பேச்சு வரும். அழுகிற தாய் அப்படிச் சொன்னால் வாயைத் திறக்காதீர்கள். அவளுக்குப் பிடித்து நிற்க ஏதாவது வேண்டும். ஆனால் லைசென்ஸ் ஒருவர் பேரில் இருக்க, அறை அறையாக உள்குத்தகைக்கு விட்டுப் பணம் பார்க்கிறவன் அதே வார்த்தையைச் சொன்னால் விடக் கூடாது. மனுஷன் தன் சொந்தச் சித்தத்தால் செய்ததை ஆண்டவர் கணக்கில் எழுதுவது தேவதூஷணத்துக்குக் கிட்டத்தில் வருகிற காரியம் என்பது என் அபிப்பிராயம்.

4. சீட்டுப் போடுவது, கண்ணை மூடிக்கொண்டு வேதத்தைத் திறந்து விரல் வைப்பது இதெல்லாம் வேண்டாம். புது வருஷ ஆராதனையில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டையை வைத்துக்கொள்ளுங்கள், சந்தோஷம். அதைப் பார்த்து வேலையை விடாதீர்கள். மனுஷனுக்குச் சுயசித்தம் உண்டென்று வாதாடிய ஜான் வெஸ்லியே 1737-ல், ஒரு பெண்ணைக் கட்டுவதா வேண்டாமா என்று மூன்று சீட்டு எழுதிப் போட்டவர்தான். "இனி நினைக்காதே" என்று வந்தது. நினைக்காமலா இருந்தார்! அந்தப் பெண் வேறொருவரைக் கட்டிக்கொண்ட பிறகும் மனக்கசப்பு தீராமல், கோர்ட் வழக்கு வரைக்கும் போய், தான் இருந்த ஜார்ஜியாவை விட்டே கிளம்பினார்.

5. இரண்டும் நல்லதாக இருந்தால் எது பிடிக்கிறதோ அதைச் செய்யுங்கள். பவுல் விதவைகளுக்கு எழுதும்போது கர்த்தருக்குள் யாரை வேண்டுமானாலும் கட்டலாம் என்று விட்டுவிட்டார், பேர் சொல்லவில்லை. அதே பவுல் கப்பலில் போகும்போது, 276 பேரில் ஒருவரும் சாகமாட்டார்கள் என்று வாக்கு கிடைத்திருந்தது. அப்படியிருந்தும் மாலுமிகள் படகிறக்கித் தப்பப் பார்த்தபோது, இவர்கள் போனால் நீங்கள் பிழைக்க மாட்டீர்கள் என்று நூற்றுக்கு அதிபதியிடம் சொல்லித் தடுத்தார். வாக்கு இருக்கிறதே என்று படுத்துத் தூங்கவில்லை. அப்போஸ்தலர் 27-ஐ ஒரு தடவை மெதுவாக வாசியுங்கள். முன்குறித்தலா சுயசித்தமா என்று புஸ்தகம் புஸ்தகமாக எழுதியிருக்கிறார்கள். எனக்கு இந்த ஒரு அதிகாரம் போதும்.

நம் பக்கத்து ராக்லாந்து ஐயரையும் பாருங்கள். கேம்பிரிட்ஜில் கணக்குப் படித்தவர், சென்னையில் மிஷன் செயலாளர். வடக்குத் திருநெல்வேலிச் சீமையில் சுவிசேஷம் சொல்ல ஆளில்லை என்று கண்டு, 1854-ல் இந்தப் பக்கம் கூடாரத்தோடு வந்து ஊர் ஊராக நடந்தார். 1858-ல் சிவகாசியில் இறந்தார். தேவையையும் தன் கையில் இருந்ததையும் பார்த்துத் தீர்மானித்த மனுஷன் அவர்.

6. "உன்னைத்தான் கட்டணும்னு கர்த்தர் சொன்னாரு" என்று ஒரு பையன் வந்தால், பாப்பா, "எங்கிட்ட இன்னும் சொல்லலையே" என்று சொல்லிவிடு.

7. பட்டாசு ஆபீஸில் அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்னால் ஜெபியுங்கள். வாங்கிச் செலவழித்துவிட்டு வழி காட்டும் ஆண்டவரே என்றால், அந்தப் பணம் கழிகிறவரை அதே ஆபீஸில் உட்கார வேண்டியதுதான். இடம் வாங்கும்போதும் அப்படியே. தீர்க்கதரிசனம் சொல்கிறவரிடம் காணிக்கையோடு ஓடாதீர்கள். வீட்டில் நாலு பேராகக் கூடி ஜெபம் பண்ணுங்கள், பத்திர ஆபீஸில் 30 வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பாருங்கள், பட்டா யார் பேரில் இருக்கிறதென்று விசாரியுங்கள்.