உடன் செல்லும் உரிமை

நாடு காக்கும் படைவீரர் ஓரூரில் நிலைத்து வாழ்தல் அரிது. ஆணை பிறந்தால் அவர் புறப்படுவார்; குடும்பமும் உடன் புறப்படும். ஐக்கிய அமெரிக்க நாட்டில் இத்தகைய மாற்றம் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை நேர்கின்றது. ஆதலின் படைவீரரின் பிள்ளைகள் படிப்பு முடிவதற்குள் பல பள்ளிகளைக் காண்கின்றனர்.

புதிய பள்ளியில் பழகுவது எல்லாப் பிள்ளைகளுக்கும் சற்றுக் கடினமே. ஆனால், உடலிலோ அறிவு வளர்ச்சியிலோ குறையுடைய பிள்ளைக்கு அது பேரிழப்பாகவும் முடியலாம். பேச்சுத் திருந்தாத ஒரு சிறுவனை எண்ணிப் பாருங்கள். அவன் தந்தை வர்ஜீனியா மாநிலத்து நார்போக் நகரில் கடற்படைப் பணியில் இருக்கின்றார். அங்குள்ள பள்ளியில் அவனுக்கு வாரந்தோறும் பேச்சுப் பயிற்சி நடைபெறுகின்றது. தந்தை கலிபோர்னியாவின் சான் டியாகோ நகருக்கு மாற்றப்படுகின்றார். “சோதித்துப் பார்த்த பின்னரே பயிற்சி தொடங்குவோம்” என்று புதிய பள்ளியார் கூறினால் என்னாகும்? திங்கள் பல வீணாகும். அரிதின் முயன்று கற்ற சொற்களும் மறந்துபோகும்.

இக்குறையை நீக்கச் சட்டங்கள் எழுந்தன. குறையுடைய ஒவ்வொரு பிள்ளைக்கும் தக்க கல்வியைப் பொதுப்பள்ளி கட்டணமின்றி அளித்தல் வேண்டும் என்றும், ஒவ்வொருவருக்கும் தனிக் கல்வித் திட்டம் எழுதுதல் வேண்டும் என்றும் 1975ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. அச்சட்டம் 2004இல் திருத்தப்பட்டது. கல்வியாண்டின் நடுவே வேறு மாநிலத்திலிருந்து வரும் பிள்ளைக்குப் புதிய திட்டம் அமையும்வரை, பழைய திட்டத்தில் உள்ளவற்றை ஒத்த உதவிகளை அளித்தல் பள்ளியின் கடமையாயிற்று. பெற்றோரைக் கலந்தே இதனைச் செய்தல் வேண்டும்.

படைவீரரின் பிள்ளைகளுக்கென மாநிலங்கள் தமக்குள் ஓர் உடன்படிக்கையும் செய்துகொண்டன. 2008இல் நடைமுறைக்கு வந்த அதில், 2014க்குள் 50 மாநிலங்களும் சேர்ந்தன. பள்ளிச் சான்றுகளை விரைந்து அனுப்புதலும், தடையின்றிச் சேர்த்துக்கொள்ளுதலும் அதன் விதிகளுள் சில. படைத்துறையும், சிறப்புத் தேவையுடைய பிள்ளைகள் உள்ள குடும்பங்களைப் பதிவு செய்து, இடமாற்றத்தின்போது அத்தேவைகளையும் கருதுகின்றது.

எனினும், சட்டத்தால் மட்டும் குறை முற்றும் தீர்வதில்லை. ‘ஒத்த உதவி’ என்பது எவ்வளவு என்பதில் பெற்றோருக்கும் பள்ளிக்கும் கருத்து வேறுபாடு எழுகின்றது. பயிற்சி பெற்ற ஆசிரியர் இல்லாத ஊரில் விதி ஏட்டளவில் நிற்கின்றது. ஆகவே, பெற்றோர் பழைய திட்டத்தையும் சோதனைக் குறிப்புகளையும் கையோடு எடுத்துச் செல்வது நலம்.

தந்தை பணிக்காக ஊர் மாறுகின்றார். அம்மாற்றத்தைப் பிள்ளை விரும்பிக் கேட்டதில்லை. நாட்டுக்காகக் குடும்பம் ஏற்கும் சுமை, அக்குடும்பத்தின் எளிய பிள்ளைமேல் ஏறாதவாறு காத்தல் அந்நாட்டின் கடனன்றோ?