கடைக் கம்ப்யூட்டரில் உன் வாட்ஸ்அப்

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஆரணியில் சேலை டிசைன் போடும் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாய் என்று அக்கா சொன்னாள். மனசு நிறைந்தது. கடைக் கம்ப்யூட்டரில் உன் வாட்ஸ்அப்பைத் திறந்து வைக்கச் சொல்கிறார்கள், வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். வைக்கலாம். வைத்தால்தான் வேலை ஓடும்.

பிரவுசரில் வாட்ஸ்அப் வெப் பக்கத்தைத் திற. சதுரமாக ஒரு க்யூஆர் கோடு வரும். போனில் வாட்ஸ்அப்பைத் திறந்து, 'லிங்க்டு டிவைசஸ்' என்ற இடத்துக்குப் போய், அந்தச் சதுரத்தின் மேல் கேமராவைக் காட்டு. அவ்வளவுதான். அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டங்களைப் பார்த்து நீ மிரள வேண்டியதில்லை. ஜக்கார்டு அட்டையில் ஓட்டை இருந்தால் கொக்கி பாவு இழையைத் தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. தறி வீட்டில் வளர்ந்த உனக்கு இது தெரிந்த கணக்கு. க்யூஆர் கோடும் அதே 'உண்டு, இல்லை' கணக்குதான். 1994-இல் ஜப்பானில் டென்சோ வேவ் நிறுவனத்தார் உருவாக்கியது.

வாட்ஸ்அப் வெப் 2015 ஜனவரியில் வந்தது. அப்போது போன் உயிரோடு இருந்து, அதில் நெட்டும் ஓடினால்தான் கம்ப்யூட்டரில் செய்தி வரும். 2021-க்குப் பிறகு அந்த முறை மாறியது. இப்போது போன் அணைந்து கிடந்தாலும் கம்ப்யூட்டரில் செய்தி போகும், வரும். போனைத் தவிர நான்கு கருவிகள் வரை இணைக்கலாம். போனைப் 14 நாளுக்கு மேல் தொடாமல் இருந்தால் இணைப்பு தானாக அறும்.

உன் வேலைக்கு முக்கியமான ஒன்று. முந்திக்கோ கரைக்கோ நீ போடும் கிராப் படத்தில் ஒவ்வொரு கட்டமும் ஒரு இழைக்குக் கணக்கு. 240 கொக்கி ஜக்கார்டு என்றால் குறுக்கே 240 கட்டம். பாவுக்கு ஒரு நிறம், ஜரிகைக்கு ஒரு நிறம், அவ்வளவே இருக்க வேண்டும். அதைப் போட்டோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும். கண்ணுக்குப் படம் நன்றாகவே தெரியும். அட்டை குத்துகிறவர் பெரிதாக்கிப் பார்த்தால்தான், நீ போட்ட மயிலின் கழுத்தோரம் இரண்டு நிறம் இருந்த இடத்தில் பத்து மங்கல் நிறம் நிற்பது தெரியும். எந்தக் கட்டத்தில் ஜரிகை, எதில் இல்லை என்று அவர் ஊகிக்க வேண்டிவரும். ஓர் ஓட்டை தப்பினால் அந்தத் தப்பு சேலையின் கரை முழுக்கத் திரும்பத் திரும்ப வரும். ஆகவே 'டாகுமெண்ட்' என்று இருப்பதைத் தேர்ந்து அதில் அனுப்பு. கோப்பு இருந்தபடியே போய்ச் சேரும். கம்ப்யூட்டரிலிருந்து நேராக அனுப்புவதன் பெரிய லாபமே இதுதான். பென்டிரைவைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம்.

நிறத்தை மட்டும் திரையில் பார்த்து முடிவு செய்யாதே. மாம்பழ மஞ்சள் உன் திரையில் ஒரு மாதிரியும் சாயப்பட்டறைக்காரர் போனில் வேறு மாதிரியும் தெரியும். நூல் துண்டு கொடுத்தனுப்பு.

ஆர்டர் விவரம் எழுதும்போது எண்டர் தட்டினால் பாதியிலேயே செய்தி போய்விடும். அடுத்த வரிக்கு ஷிப்டை அழுத்திக்கொண்டு எண்டர் தட்டு. தமிழிலேயே எழுது. தமிழ்99 விசைப்பலகையை ஒரு வாரம் பழகினால் போதும். உயிர் இடக்கைக்கு, மெய் பெரும்பாலும் வலக்கைக்கு.

இனி எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். 2016-இல் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, புதிதாகப் போட்ட கரை டிசைனை வியாபாரிக்கு அனுப்பினேன். வெளியேறும்போது லாக் அவுட் செய்யவில்லை. பக்கத்தை மூடினால் போதும் என்று நினைத்துவிட்டேன். போன் என் சட்டைப்பையில் நெட்டோடு இருந்தது. நான் வீடு வந்த பிறகும் அங்கே என் செய்திகள் ஓடிக்கொண்டிருந்தன. விலை பேசியது, டிசைன் படம், எல்லாம். எங்கள் தறியில் முதல் சேலை அறுப்பதற்குள் அதே கரை வேறு கடையில் தொங்கியது. மூன்று மாத உழைப்பு. யார் எடுத்தார் என்று கடைசிவரை தெரியவில்லை.

உன் கடைக் கம்ப்யூட்டரில் நாலு பேர் உட்காருவார்கள். எல்லோரும் நல்லவர்களாகவே இருக்கட்டும். ஆனாலும் உன் அம்மா அனுப்பும் செய்தியும் உன் தோழிகளின் பேச்சும் அந்தத் திரையில் கிடக்கக் கூடாது. முதலாளியிடம் கேட்டு கடைக்கென்று தனி எண் வாங்கச் சொல். அதுவரை தினமும் லாக் அவுட் செய். மறந்து வீட்டுக்கு வந்துவிட்டாலும் பதறாதே. போனில் அதே 'லிங்க்டு டிவைசஸ்' பட்டியலில் அந்தக் கம்ப்யூட்டரைத் தொட்டு நீக்கிவிடலாம். பரிசு விழுந்தது, வேலை இருக்கிறது என்று யாராவது க்யூஆர் கோடு அனுப்பி, வாட்ஸ்அப்பில் இணைக்கச் சொன்னால் தொடவே தொடாதே. அதை இணைத்தால் உன் கணக்கு அவர்கள் திரையில் திறக்கும்.

கடிதத்தைப் படித்த கையோடு போனை எடுத்து அந்தப் பட்டியலைப் பார். உனக்குத் தெரியாத பெயர் ஒன்று இருந்தாலும் நீக்கிவிட்டு எனக்கு ஒரு வரி எழுது.

அன்புடன்,
மாமா