நின்ற மெஷின் அணைந்த மெஷின் அல்ல



இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், வல்லம், ஒரகடம் என்று நீளும் இந்தத் தொழிற்பேட்டைகளை நம்பித்தான் நம்மில் பல குடும்பங்களின் அடுப்பு எரிகிறது. 1998இல் ஹூண்டாய் தொழிற்சாலையில் கார் உற்பத்தி தொடங்கியது. அதன்பின் செல்போன், கண்ணாடி, லாரி, மோட்டார் சைக்கிள் என்று தொழிற்சாலைகள் வரிசையாக வந்தன. அவற்றுக்கு உதிரி பாகம் செய்து கொடுக்கும் சிறிய கம்பெனிகள் இன்னும் ஏராளம். நம் பிள்ளைகளில் பலர் பெரிய கம்பெனியின் வாசலுக்குள் போய்வந்தாலும் சம்பளம் வாங்குவது காண்ட்ராக்டரிடம்தான்.

ஹலாலான உழைப்பு இபாதத்தைப் போன்றது என்று நாம் சொல்கிறோம். அந்த உழைப்புக்குப் போனவர் கை கால் சுகத்தோடு வீடு திரும்புவதும் அந்த இபாதத்தின் பகுதியே. ஆகவே இந்த மாதப் பாடத்திற்கு வேலையிடப் பாதுகாப்பை எடுத்துக்கொள்கிறோம்.

தவக்குல் எங்கே தொடங்குகிறது?

விபத்து நடந்த வீட்டுக்கு ஆறுதல் சொல்லப் போகும்போது, "எல்லாம் களா கத்ர்" என்கிறோம். நடந்து முடிந்ததை ஏற்றுக்கொள்ள அந்த ஈமான் நமக்குப் பலம் தருகிறது. ஆனால் நடப்பதற்கு முன் அதையே சாக்காக வைத்து அலட்சியமாக இருப்பதை மார்க்கம் அனுமதிக்கவில்லை. மனிதன் தன் கையாலேயே தன்னை அழிவில் தள்ளிக்கொள்வதை அல்குர்ஆன் (2:195) தடுக்கிறது. ஒட்டகத்தைக் கட்டிவைத்துத் தவக்குல் வைப்பதா, அவிழ்த்துவிட்டுத் தவக்குல் வைப்பதா என்று கேட்ட மனிதருக்கு, முதலில் கட்டும்படியும் அதன்பின் அல்லாஹ்வைச் சார்ந்திருக்கும்படியும் நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியது திர்மிதீயில் பதிவாகியிருக்கிறது. தனக்கும் தீங்கு கூடாது, பிறருக்கும் தீங்கு கூடாது என்பது இப்னு மாஜாவில் வரும் ஹதீஸின் கருத்து.

தொழிற்சாலையில் ஒட்டகத்தைக் கட்டுவது என்றால் என்ன? மெஷினுக்குள் கை விடுமுன் அதன் மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுவதுதான்.

2010 அக்டோபர் 31

இந்தப் பாடத்தை நம் ஊரே ஒருமுறை மிகக் கசப்பாகக் கற்றது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா செல்போன் தொழிற்சாலை 2006 முதல் 2014 வரை இயங்கியது. அங்கே 2010 அக்டோபர் 31 அன்று, இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த ஒரு பெண் தொழிலாளி, பேனல்களை ஏற்றும் தானியங்கி மெஷினில் சிக்கி உயிரிழந்தார். மெஷினில் ஏற்பட்ட தடையைச் சரிசெய்யப் போனபோதுதான் இது நடந்தது என்று அப்போது செய்திகள் வந்தன. மெஷினின் பாதுகாப்பு ஏற்பாடு பற்றியும், அவரை மீட்டதில் ஏற்பட்ட தாமதம் பற்றியும் சக தொழிலாளர்கள் கேள்வி எழுப்பினார்கள்.

உலகமே அறிந்த நிறுவனம், குளிரூட்டிய கூடம், புதிய மெஷின். அங்கேயும் ஓர் உயிர் போனது. ஆகவே, "பெரிய கம்பெனி, பயமில்லை" என்று எந்தப் பெற்றோரும் நிம்மதியாக இருந்துவிட முடியாது.

நின்ற மெஷின் ஏன் ஆபத்தானது?

ஓடும் மெஷினைப் பார்த்து யாரும் பயப்படுவார்கள். நின்ற மெஷின்தான் ஏமாற்றுகிறது. தானியங்கி மெஷின் பல நேரம் பழுதாகி நிற்பதில்லை, சிக்னலுக்காகக் காத்து நிற்கிறது. ஒரு பாகம் குறுக்கே மாட்டிக்கொண்டதால் சென்சார் அதை நிறுத்திவைத்திருக்கும். மாட்டியதை நாம் விரலால் எடுத்த அந்த நொடியே சென்சாருக்கு வழி கிடைத்துவிடும். மெஷினின் கரம் தன் வேலையைத் தொடரும். நம் கை உள்ளே இருப்பது அதற்குத் தெரியாது.

மின்சாரத்தை நிறுத்தினாலும் ஆபத்து முழுதாக விலகாது. காற்றழுத்தக் குழாயில் காற்று தேங்கியிருக்கும். சுருள்வில் இழுபட்டு நிற்கும். பிரஸ் மெஷினின் மேல்பகுதி தன் எடையாலேயே கீழே இறங்கும். ஆகவே சிக்கலை எடுக்கவோ துடைக்கவோ பழுது பார்க்கவோ போகும்போது இந்த வரிசை மாறக்கூடாது:

1. மெஷினை நிறுத்துங்கள். பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லுங்கள்.
2. மெயின் ஸ்விட்சை அணையுங்கள். எமர்ஜென்சி பொத்தானை அமுக்கியது மட்டும் போதாது.
3. ஸ்விட்சில் பூட்டுப் போட்டு, பெயர் எழுதிய அட்டையை மாட்டுங்கள். கம்பெனியில் இதை லாக்-அவுட், டேக்-அவுட் என்பார்கள். சாவி உங்கள் பையில் இருக்க வேண்டும். நான்கு பேர் வேலை செய்தால் நான்கு பூட்டு.
4. தேங்கிய காற்றை வெளியேற்றுங்கள். இறங்கக்கூடிய பாகத்துக்கு முட்டுக் கொடுங்கள்.
5. ஸ்டார்ட் பொத்தானை அமுக்கிப் பாருங்கள். மெஷின் அசையவில்லை என்று உறுதியான பிறகே உள்ளே கை போகலாம்.
6. பூட்டியவரே பூட்டைத் திறக்க வேண்டும்.

இதற்குப் பயிற்சி பெறாதவர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: மெயின்டனன்ஸ் ஆளைக் கூப்பிட்டுவிட்டுக் காத்திருப்பது. "இரண்டு நிமிட வேலைதானே" என்று நினைக்கும் இடத்தில்தான் விரல்கள் போகின்றன.

தடுப்பைக் கழற்றும் கை

மெஷினின் ஆபத்தான பகுதிகளுக்குத் தடுப்பு இருக்க வேண்டும், ஓடும்போது அது தன் இடத்திலேயே இருக்க வேண்டும் என்பது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே இருந்த விதி. அதே சட்டம், பாதுகாப்புச் சாதனத்தில் கைவைக்கக் கூடாது என்ற கடமையைத் தொழிலாளிக்கும் விதித்தது. முதலாளிக்கு ஒன்று, தொழிலாளிக்கு ஒன்று என்று இரண்டு அமானிதங்கள்.

நடைமுறையில் என்ன நடக்கிறது? பிரஸ் மெஷினில் இரு கைகளாலும் இரண்டு பொத்தான்களை அமுக்கினால்தான் அது இறங்கும்படி செய்திருப்பார்கள். இரு கையும் பொத்தானில் இருந்தால் அச்சுக்குள் கை இருக்காது என்பதே அதன் ஹிக்மத். மணிக்கு இத்தனை பீஸ் என்ற டார்கெட்டை எட்ட, ஒரு பொத்தானை டேப் ஒட்டி அமுக்கிவைத்துவிடுகிறார்கள். கதவின் சென்சாருக்கு முன் ஒரு இரும்புத் துண்டை வைத்துவிடுகிறார்கள். அன்றைக்கு நூறு பீஸ் கூடுதலாக வரும். என்றோ ஒரு நாள் அதற்கான விலையை ஒரு கை கொடுக்கும்.

ஹரியானா முதலிய மாநிலங்களில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகளில் காயமடைந்தவர்களைச் சந்தித்து 'சேஃப் இன் இந்தியா' என்ற அமைப்பு ஆண்டுதோறும் அறிக்கை வெளியிடுகிறது. பிரஸ் மெஷினில் விரல் இழந்தவர்களே அதில் மிகுதி. நம் ஒரகடத்தைச் சுற்றி நடப்பதும் அதே வகைத் தொழில்தான்.

நீங்கள் சூப்பர்வைசராக இருந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். உங்கள் கீழே வேலை செய்பவர் உங்களிடம் ஒப்படைக்கப்பட்டவர். ஒவ்வொருவரும் தம் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி விசாரிக்கப்படுவார் என்ற நபிமொழி அறிந்ததே. தடுப்பு கழன்றிருப்பதைக் கண்டும் லைனை ஓட்டச் சொல்வது அந்த விசாரணைக்குரிய செயல்.

நம் பள்ளிவாசலில் ஜும்ஆவுக்கு வரும் பீகார், வங்காள, அசாம் சகோதரர்களையும் மறக்க வேண்டாம். தமிழிலும் ஆங்கிலத்திலும் உள்ள எச்சரிக்கைப் பலகையை அவர்களில் பலரால் படிக்க முடியாது. பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று. தெரிந்த இந்தியில் ஒரு வார்த்தை எச்சரிப்பதும் அவ்வகையே.

உடையும் தூக்கமும்

சுழலும் மெஷினுக்கு அருகே தொங்கும் எதுவும் ஆபத்து. ஹிஜாபைக் கைவிட வேண்டிய அவசியமில்லை. முந்தானை தொங்காமல், ஊசி குத்தாமல், தலையோடு ஒட்டி நிற்கும் தைத்த வகையை அணிந்து, அதன் நுனியைச் சட்டைக்குள் செருகிக்கொள்ளலாம். அதற்கு மேல் தொப்பி போடலாம். ஆண்கள் மோதிரம், கைக்கயிறு, கழுத்துத் துண்டு ஆகியவற்றைக் கழற்றிவைக்க வேண்டும். சுழலும் டிரில்லுக்கு அருகே துணிக் கையுறையும் கூடாது. அது கையை உள்ளே இழுத்துவிடும்.

தூக்கமில்லாத கண் போதையேறிய கண்ணுக்குச் சமம். டபுள் ஷிப்ட் முடித்துவிட்டு பைக்கில் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வருவது மெஷினைவிடக் குறைந்த ஆபத்தல்ல. கூடுதல் நேர வேலைக்கு இருமடங்கு கூலி என்பது சட்டம். அந்தக் கூலிக்காகத் தூக்கத்தை விற்கும்படி வீட்டிலுள்ள நாம் வற்புறுத்தக் கூடாது. ரமலானில் உலைக்கும் வெல்டிங்குக்கும் அருகே வேலை செய்பவர்கள் ஷிப்ட் மாற்றத்தை முன்கூட்டியே கேட்டுப் பெறுங்கள். ஸஹருக்குப் பின் தூங்க நேரம் ஒதுக்குங்கள். தலை சுற்றினால் உடனே மெஷினை விட்டு விலகுங்கள். நோன்பு பற்றிய சட்டத்தை நம் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

விபத்து நடந்துவிட்டால்

முதலில் மின்சாரத்தை அணையுங்கள். பிறகு ஆளைத் தொடுங்கள். 108க்கு அழையுங்கள். இரத்தம் கொட்டும் இடத்தைச் சுத்தமான துணியால் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். கண்ணில் ரசாயனம் பட்டால் இருபது நிமிடம் ஓடும் நீரில் கழுவுங்கள்.

விரல் துண்டானால் அதைத் தேடி எடுங்கள். ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி, அந்தப் பையை ஐஸ் உள்ள இன்னொரு பைக்குள் வையுங்கள். விரல் நேரடியாக ஐஸில் படக்கூடாது. காயமடைந்தவரோடு அதுவும் போக வேண்டும். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் கை அறுவைச் சிகிச்சைத் துறை இத்தகைய சிகிச்சைக்குப் பெயர்பெற்றது.

தொட்டிக்குள் ஒருவர் மயங்கி விழுந்தால், காப்பாற்ற நீங்களும் இறங்காதீர்கள். 2022 அக்டோபரில் ஸ்ரீபெரும்புதூரில் கழிவுநீர்த் தொட்டியில் மூவர் இறந்தார்கள். விஷவாயுவுக்கு நல்லெண்ணம் தெரியாது. தீயணைப்புத் துறைக்கு 101இல் சொல்லுங்கள்.

இஎஸ்ஐ சலுகை அல்ல, ஹக்

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ள தொழிலாளிக்கு, காண்ட்ராக்ட் ஆளாக இருந்தாலும், இஎஸ்ஐ உண்டு. அவர் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள். முதலாளி 3.25 சதவீதம் கட்டுகிறார். வேலையில் ஏற்படும் காயத்துக்கு இத்தனை மாதம் கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. முதல் நாளிலிருந்தே உரிமை உண்டு. வேலை செய்ய முடியாத நாள்களுக்குச் சராசரி ஊதியத்தில் 90 சதவீதம் கிடைக்கும். நிரந்தர ஊனத்துக்கு மருத்துவக் குழு இழப்பை மதிப்பிட்டு மாத உதவித்தொகை தரும். உயிரிழந்தால் மனைவி மக்களுக்கு மாதந்தோறும் உதவித்தொகை உண்டு. வேலைக்குப் போகும் வழியிலும் வரும் வழியிலும், வேலையோடு தொடர்புடைய விபத்து நடந்தால் அதுவும் சேரும்.

இத்தனையும் ஒரு பதிவில் தொங்குகிறது. கம்பெனியின் விபத்துப் பதிவேட்டில் தேதி, நேரம், மெஷின், சாட்சி ஆகியவை எழுதப்பட வேண்டும். இஎஸ்ஐ அலுவலகத்துக்கு விபத்து அறிக்கை போக வேண்டும். "செலவை நாங்களே பார்த்துக்கொள்கிறோம், வீட்டில் விழுந்ததாகச் சொல்லிவிடு" என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். மருத்துவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். பொய் சொல்வது பாவம் என்பதோடு, பிள்ளைகளின் ஹக்கையும் அந்தப் பொய் அழித்துவிடும். 'சேஃப் இன் இந்தியா' அறிக்கைகள் சுட்டும் இன்னொரு வேதனை, பலருக்கு விபத்துக்குப் பிறகுதான் இஎஸ்ஐ அட்டையே கைக்கு வந்தது என்பது. வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே இஎஸ்ஐ எண்ணைக் கேட்டு வாங்கி, அதன் நகலை வீட்டில் வையுங்கள்.

ஆபத்தைக் கண்டு சொல்லியும் கேட்கவில்லையா? பாதுகாப்புக் குழுவிடமும் சேஃப்டி ஆபீசரிடமும் எழுத்தில் கொடுங்கள். அதற்கும் பலன் இல்லையென்றால் தமிழக அரசின் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தில் முறையிடலாம்.

வீட்டில் பேசிக்கொள்ள

இன்றிரவு சாப்பாட்டுக்குப் பின், வேலைக்குப் போகும் பிள்ளையிடம் இந்தக் கேள்விகளை அன்போடு கேளுங்கள்:

1. உன் மெஷினின் மெயின் ஸ்விட்ச் எங்கே இருக்கிறது?
2. மெஷின் சிக்கிக்கொண்டால் யாரைக் கூப்பிட வேண்டும்? கூப்பிட்டால் திட்டுகிறார்களா?
3. எந்தத் தடுப்பாவது கழற்றி வைக்கப்பட்டிருக்கிறதா? எந்தப் பொத்தானாவது கட்டிவைக்கப்பட்டிருக்கிறதா?
4. உன் இஎஸ்ஐ எண் என்ன? காண்ட்ராக்டரின் முழுப் பெயர் என்ன?
5. நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினாய்?

முதல் மூன்று கேள்விக்கு அவருக்குப் பதில் தெரியவில்லை என்றால், நாளைக் காலை சூப்பர்வைசரிடம் கேட்டு வரச் சொல்லுங்கள்.

நம் பிள்ளைகள் ஒவ்வொருவரும் காலையில் போன உடலோடு மாலையில் திரும்பிவர அல்லாஹ் அருள்புரிவானாக. ஒட்டகத்தைக் கட்டும் அறிவையும், கட்டியபின் அவன்மீது சாயும் ஈமானையும் நம் அனைவருக்கும் தருவானாக. ஆமீன்.