பெரிய டிரக்டருக்கு மாறுமுன் போட வேண்டிய கணக்கு

அக்கரப்பத்தனை பஜாரில் உரமும் விதையும் விற்கும் எனது கடைக்கு வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. "நானா, இருக்கிற சின்ன டிரக்டரைக் கொடுத்துவிட்டுப் பெரியதாக ஒன்று எடுக்கலாமா?" கேட்பவர்களில் மரக்கறித் தோட்டம் செய்பவர்களும் இருக்கிறார்கள், கொழுந்தும் உரமும் விறகும் ஏற்றும் கொந்தராத்துக்காரர்களும் இருக்கிறார்கள். கையில் இருப்பது 20, 24 குதிரைவலு இயந்திரம். மனம் நிற்பது 45 குதிரைவலுவில்.

இது சின்னக் கேள்வி அல்ல. எமது சிறு வியாபாரிகளில் பலருக்கு வீட்டுக்கு அடுத்தபடியாக வாழ்நாளில் செய்யும் பெரிய கொள்வனவு இதுதான். தவறினால் இயந்திரம் மட்டும் போகாது. கடையில் சரக்குப் போட வைத்திருக்கும் முதலும் சேர்ந்து போய்விடும். ஆகவே இந்த வாரம் அந்தக் கணக்கை ஒழுங்காகப் போட்டுப் பார்ப்போம்.

சமவெளிக் கணக்கு மலைக்குச் சரிவராது

எமது நாட்டில் இரண்டு சில்லு இயந்திரத்துக்கு லேண்ட்மாஸ்டர் என்று பெயர். அது உண்மையில் ஒரு பிரித்தானியத் தயாரிப்பின் பெயர். பின்னர் எந்தக் கம்பனியின் இயந்திரம் வந்தாலும் மக்கள் அதே பெயரால் அழைத்தார்கள். பொலன்னறுவையிலும் அம்பாறையிலும் டிரக்டரின் முதல் வேலை வயல் உழுவது. ஒரு நாளில் எத்தனை ஏக்கர் உழும் என்பதுதான் அங்கே கேள்வி. அதற்குக் குதிரைவலு கூடினால் இலாபம் கூடும்.

அக்கரப்பத்தனையில் அப்படி அல்ல. இங்கே டிரக்டரின் பெரும்பங்கு வேலை பெட்டி இழுப்பது. பள்ளத்துத் தோட்டத்திலிருந்து கரட்டையும் லீக்ஸையும் கோவாவையும் லொறி நிற்கும் பாதைக்கு ஏற்ற வேண்டும். மேட்டுக்கு உரமூட்டை கொண்டுபோக வேண்டும். பாதை ஒடுக்கம், வளைவு அதிகம், தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் சேறு. ஆகவே சமவெளிக்காரர் சொல்லும் விலையையும் வலுவையும் கேட்டு முடிவெடுக்கக் கூடாது.

குறைவது வலுவா, பிடியா?

"மழை நாளில் டிரக்டர் ஏறுவதில்லை, வலு போதாது" என்று சொல்கிறார்கள். ஏறாதபோது என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். என்ஜின் திணறி நிற்கிறதா, அல்லது சில்லு சுற்றிக்கொண்டு நிற்கிறதா? என்ஜின் நின்றால் குறைவது வலு. சில்லு சுற்றினால் குறைவது மண்ணின் பிடி. இரண்டுக்கும் மருந்து வேறு.

ஓர் உதாரணம் போடுவோம். டிரக்டரின் எடை 1,000 கிலோ. பெட்டியும் சாமானும் 2,000 கிலோ. மொத்தம் 3,000 கிலோ. பத்தடி போனால் ஓரடி உயரும் பாதை. அந்த ஏற்றம் மட்டும் 300 கிலோ பாரத்தின் அளவுக்குப் பின்னால் இழுக்கும். சேற்றில் சில்லு புதைவதால் ஏறத்தாழ இன்னொரு 300 கிலோ. ஆக 600 கிலோ இழுவை வேண்டும். மணிக்கு 5 கிலோமீற்றர் வேகத்தில் இதற்குத் தேவைப்படும் வலு சுமார் 11 குதிரைவலு மாத்திரமே. 24 குதிரைவலு இயந்திரத்தில் அது தாராளமாக இருக்கிறது.

பிறகு ஏன் ஏறவில்லை? ஈரக் களிமண்ணில் நாலு சில்லும் இழுத்தாலும், டிரக்டரின் எடையில் பத்தில் நாலு பங்கு அளவுக்கே பிடி கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 400 கிலோ. தேவை 600. சில்லு சுற்றத்தான் செய்யும்.

இப்போது 45 குதிரைவலு இயந்திரம் வாங்கினோம் என்று வைப்போம். அதன் எடை 1,400 கிலோ. அதே பெட்டியை இழுக்க 680 கிலோ இழுவை வேண்டும். பிடி 560 கிலோ. இதுவும் நிற்கும்! இரண்டு இயந்திரமும் அந்தப் பாதையில் ஏற வேண்டுமானால் சின்னது பெட்டியோடு 1,000 கிலோவும், பெரியது 1,400 கிலோவும் இழுக்கலாம். வெறும் பெட்டியின் எடை 500 கிலோ என்றால் சாமான் 500 கிலோவுக்குப் பதில் 900 கிலோ. இலட்சக்கணக்கில் கொடுத்து மழை நாளில் நாம் வாங்கியது அந்த 400 கிலோ வித்தியாசம்தான்.

இதே கணக்கில் பாதையை மாற்றிப் பாருங்கள். சேறாகும் இடத்தில் கானை வெட்டித் தண்ணீரைத் திருப்பி, கல்லும் சரளையும் போட்டு இறுக்கினால் சேற்றின் இழுப்பு பாதியாகக் குறையும், பிடியும் கொஞ்சம் கூடும். அப்போது அந்தச் சின்ன டிரக்டரே 2,000 கிலோ பெட்டியை இழுத்துக்கொண்டு ஏறும். பெரும்பாலும் கஷ்டம் தருவது முழுப் பாதை அல்ல, நூறு இருநூறு யார் நீளம்தான். தோட்ட நிர்வாகத்தின் பாதையாக இருந்தால் துரையிடம் அனுமதி பெற்று, அதைப் பாவிக்கும் நாலைந்து பேர் சேர்ந்து செய்யலாம். டிரக்டர் விலையோடு ஒப்பிட்டால் அது சில்லறைச் செலவு.

வேலை நாள் எத்தனை?

அடுத்தது பணக்கணக்கு. கீழே தருபவை சந்தை விலைகள் அல்ல, கணக்கு விளங்குவதற்காக நான் வைத்த இலக்கங்கள். உங்கள் இலக்கங்களைப் போட்டுப் பாருங்கள்.

பழையதைக் கொடுத்துப் பெரியதை எடுக்க மேலதிகமாக 30 இலட்சம் வேண்டும். ஐந்து வருடம் கழித்து விற்றால் அந்த மேலதிகத்தில் 10 இலட்சம் திரும்பும். மீதி 20 இலட்சத்தை ஐந்தால் பிரித்தால் வருடத்துக்கு 4 இலட்சம். நிதி நிறுவனத்துக்குப் போகும் மேலதிகம் சராசரியாக 2.5 இலட்சம். காப்புறுதி, டயர், சேர்விஸ் கூடுதலாக 1 இலட்சம். மொத்தம் வருடத்துக்கு 7.5 இலட்சம்.

பெரிய இயந்திரத்தால் நடை குறைந்து, சாரதி கூலியிலும் உதவியாள் கூலியிலும் டீசலிலும் ஒரு வேலை நாளுக்கு 3,000 ரூபா மிச்சம் என்று வைப்போம். 7.5 இலட்சத்தை 3,000 ஆல் பிரித்தால் 250. அதாவது வருடத்தில் 250 நாள் இயந்திரம் முழு வேலை செய்தால்தான் போட்ட காசு சமன்.

என்னிடம் கேட்ட ஒரு தம்பியிடம், "உன் டிரக்டர் போன வருடம் எத்தனை நாள் ஓடியது?" என்று கேட்டேன். "தினமும்தான் ஓடுகிறது நானா" என்றார். டீசல் கொப்பியைக் கொண்டுவரச் சொல்லி இருவரும் எண்ணினோம். 110 நாள். அவர் பொய் சொல்லவில்லை. வேலை நெருக்கிய நாட்கள் மனதில் நிற்கும், சும்மா நின்ற நாட்கள் மறந்துவிடும்.

110 நாளுக்கு மிச்சம் 3.3 இலட்சம். செலவு 7.5 இலட்சம். வருடாந்த நட்டம் 4.2 இலட்சம். உண்மையில் அவருக்கு நெருக்கடி 20 நாளில்தான். அந்த 20 நாளும் நாளுக்கு 12,000 ரூபா கொடுத்து இன்னொரு டிரக்டரை வாடகைக்கு எடுத்தாலும் 2.4 இலட்சத்தோடு முடிகிறது.

ஜப்பானிலும் பவேரியாவிலும் கற்றது

இது எமக்கு மட்டும் வந்த பிரச்சினை அல்ல. சிறிய டிரக்டருக்குப் பெயர்போன ஜப்பானில், இயந்திரம் வாங்கி வாங்கியே விவசாயி ஏழையாகும் நிலைக்கு 'இயந்திரமயமாக்கல் வறுமை' என்று ஒரு சொல்லே உண்டாகியது. ஒரு ஹெக்டயர் அளவு நிலம் வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியே முழு இயந்திரத் தொகுதியும் வாங்கினார்கள். இயந்திரம் வருடத்தில் சில நாள் ஓடியது, தவணை வருடம் முழுவதும் ஓடியது.

ஜேர்மனியின் பவேரியா மாநிலத்தில் 1958 இல் வேறு வழி கண்டார்கள். 'இயந்திர வட்டம்' என்ற பெயரில் அயலவர்கள் சேர்ந்து, ஒருவரின் இயந்திரத்தை மற்றவர் நிர்ணயித்த கட்டணத்துக்குப் பாவிக்கும் ஏற்பாடு அது. பின்னர் அந்த முறை நாடெங்கும் பரவியது. எமது ஊரில் ஐந்து பேர் ஒரே பள்ளிவாசலில் தொழுகிறோம், ஒரே பஜாரில் கடை வைத்திருக்கிறோம். ஒரு பெரிய டிரக்டரை எழுத்து மூல உடன்படிக்கையோடு ஐவரும் பாவிப்பது முடியாத காரியமா? வாய்ப்பேச்சு மட்டும் போதாது. டீசல் யார், உடைந்தால் யார், எந்த நாள் யாருக்கு என்பதை எழுதிக் கையொப்பம் இட வேண்டும்.

தவணைக்கு மழை தெரியாது

தவணை மாதா மாதம் வரும். வருமானம் பருவத்துக்குப் பருவம் வரும். 2021 இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது மரக்கறி விளைச்சல் விழுந்தது, ஏற்றுவதற்குச் சாமான் இல்லை. 2022 இல் டொலர் சில மாதங்களுக்குள் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு மேல் ஏறியது. உதிரிப்பாக விலையும் கூடவே ஏறியது, டீசலுக்கு வரிசையில் நின்றோம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியால் மலையகத்தில் மண்சரிவு ஏற்பட்டுப் பாதைகள் மூடப்பட்டன. இந்த மூன்று காலத்திலும் தவணைக் கடன் தீர்ந்துபோகவில்லை. ஆகவே வேலையே இல்லாமல் ஆறு மாதம் தவணை கட்டக்கூடிய பணம் தனியாக இல்லாவிட்டால் பெரிய இயந்திரத்தில் கைவைக்க வேண்டாம்.

வட்டியைத் தவிர்க்க விரும்பும் எமது சகோதரர்களுக்கு இன்று வழி இருக்கிறது. 2005 இல் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டதன் பின் இஸ்லாமிய வங்கி முறைக்கு இடம் கிடைத்தது. 2011 இல் அமானா வங்கி தொழிற்பட ஆரம்பித்தது. முறாபஹாவில் வங்கி பொருளை வாங்கி இலாபம் வைத்து எமக்கு விற்கும். இஜாராவில் வங்கி உரிமையாளராக இருந்து எமக்கு வாடகைக்குத் தரும். கையொப்பமிட முன் மூன்று கேள்வி கேளுங்கள்: உரிமை யார் பெயரில்? காப்புறுதி யார் பொறுப்பு? தாமதித்தால் அறவிடும் பணம் எங்கே போகிறது? ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். உடன்படிக்கை ஹலாலாக இருப்பதால் மட்டும் கணக்கு இலாபமாகிவிடாது. 110 நாள் ஓடும் இயந்திரம் எந்த முறையில் எடுத்தாலும் 110 நாள்தான் ஓடும்.

உயிர்க் கணக்கு

பெரிய டிரக்டர் வந்ததும் பெட்டியில் பாரமும் கூடும். ஏறும்போது சில்லு சுற்றினால் நிற்போம். இறங்கும்போது பிரேக் இல்லாத பெட்டி டிரக்டரைப் பின்னாலிருந்து தள்ளும், வளைவில் மடித்துக் கவிழ்க்கும். அகலமான, பாரமான இயந்திரம் படிக்கட்டுக் காணியின் ஓரத்தையும் உடைக்கும், பழைய மதகுகளையும் சோதிக்கும். சுவீடனில் 1959 இலேயே புதிய டிரக்டர்களுக்குச் சாரதியைக் காக்கும் இரும்புச் சட்டகம் கட்டாயமாக்கப்பட்டது. கவிழ்ந்து இறப்போர் தொகை அங்கே பெரிதும் குறைந்தது. பாவித்த டிரக்டர் வாங்குபவர்கள் அந்தச் சட்டகம் கழற்றப்பட்டிருந்தால் வாங்க வேண்டாம். பெட்டிக்கும் பிரேக் இருக்க வேண்டும்.

எப்போது மாறலாம்?

பெரியதே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தோட்டத்தில் நாட்சம்பளம் 2021 இல் 1,000 ரூபாவாகவும் 2024 இல் 1,350 ரூபாவாகவும் உயர்ந்தது. கூலி ஏற ஏற இயந்திரத்தின் தேவை கூடத்தான் செய்யும். கீழ்க்காணும் நிலைகள் இருந்தால் தயங்காமல் மாறுங்கள்:

1. சில்லு சுற்றாமல் என்ஜினே திணறி நிற்கிறது, அதுவும் வாரத்தில் பல நாள்.

2. அகலமான ரொட்டவேட்டர் போன்ற, என்ஜின் வலுவை நேரடியாக உறிஞ்சும் கருவிக்கு நிரந்தர வேலை இருக்கிறது.

3. கொழுந்தோ உரமோ ஏற்றும் கொந்தராத்து எழுத்தில் கையில் இருக்கிறது. வாய்ப்பேச்சில் அல்ல.

4. கொப்பியில் எண்ணிய வேலை நாட்கள், நீங்கள் போட்ட சமன் கணக்கைத் தாண்டுகின்றன.

5. பாதையும் மதகும் அந்தப் பாரத்தைத் தாங்கும் என்று நடந்து பார்த்துவிட்டீர்கள்.

இவற்றில் நாலாவது இல்லாவிட்டால் மற்ற நாலும் இருந்தும் பொறுத்திருப்பதே நல்லது.

இன்றே ஒரு கொப்பி வாங்கி டிரக்டரின் ஆசனத்துக்குக் கீழே வையுங்கள். ஒவ்வொரு நாளும் நாலு விடயம் எழுதச் சொல்லுங்கள்: ஓடிய மணித்தியாலம், ஏற்றிய நடை, ஊற்றிய டீசல், நின்ற காரணம். மழைக் காலம் ஒன்றும் வெயில் காலம் ஒன்றும் கடக்கட்டும். அதற்குப் பிறகு ஷோரூமுக்குப் போங்கள். விற்பவர் குதிரைவலுவைப் பற்றிப் பேசும்போது நீங்கள் கொப்பியைத் திறந்து வேலை நாளைப் பற்றிப் பேசலாம்.