நீலத்திரைக்குக் காரணம் ரேமா?

கேள்வி: கம்ப்யூட்டர் திடீர் திடீரென நீலத்திரை காட்டி நின்றுவிடுகிறது. விண்டோஸைப் புதிதாகப் போட்டும் தீரவில்லை. ரேம் கெட்டுவிட்டதா?
– வாசகர், கொருக்குப்பேட்டை.

பதில்: ஒவ்வொரு முறையும் வேறு வேறு பிழை வந்தால் ரேமைச் சந்தேகிக்கலாம். முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ரேமைக் கழற்றி, அதன் பொன்னிற முனைகளை ரப்பரால் மெதுவாகத் துடைத்து அழுத்தி மாட்டுங்கள். தூசியும் உப்புக்காற்றும் உள்ள உங்கள் பகுதியில் அங்கே அழுக்கு படியலாம்.

அடுத்து, இலவசமாகக் கிடைக்கும் 'மெம்டெஸ்ட்86' என்ற ரேம் சோதனை மென்பொருளைப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கம்ப்யூட்டரைத் தொடங்கி, இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அலட்சியம் கூடாது. இரண்டு ரேம் இருந்தால் தனித்தனியாக, ஒரே ஸ்லாட்டில் மாட்டிச் சோதியுங்கள். ஒன்றில் மட்டும் பிழை வந்தால் குற்றவாளி அந்த ரேம்தான். இரண்டிலும் வந்தால் ஸ்லாட்டையோ மதர்போர்டையோ பார்க்க வேண்டும். புது ரேம் வாங்க ரிச்சி தெருவுக்குக் கிளம்புமுன் வாரண்டி இருக்கிறதா என்று பாருங்கள். பல ரேம்களுக்கு அது பல ஆண்டுகள் உண்டு.